மொட்டைக் கடுதாசி முதல் டெலிகிராம் சேனல் வரை: பேரில்லாத இடத்தில் சதிக்கதைக்குக் கூட்டம் சேர்வது எப்படி?

#1 கோட்டை_அகழி

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று பழைய வட ஆற்காடு முழுக்க ஊர்க் குழுக்களை நடத்துகிறவர்கள் இங்கே நிறைய பேர் இருக்கிறீர்கள். அதனால் இந்த இழை.

அரசு அலுவலகத்தில் மொட்டைக் கடுதாசி என்றால் எல்லோருக்கும் தெரியும். மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் 1999 ஜூன் 29 அன்று ஒரு உத்தரவே போட்டது: பேரில்லாமலோ பொய்ப் பேரிலோ வரும் புகாரின்மேல் நடவடிக்கை எடுக்கக் கூடாது. அந்தக் கடுதாசி ஒரு ஆள் ஒரு மேஜைக்கு அனுப்புவது. கோப்பில் போய்ப் படுத்துவிடும். இன்றைக்கு அதே கடுதாசியின் அடியில் இன்னும் ஆயிரம் மொட்டை ஆட்கள் எழுதுகிறார்கள். ஒருவர் படம் சேர்க்கிறார், ஒருவர் தேதி சேர்க்கிறார், ஒருவர் "நானும் கேள்விப்பட்டேன்" என்கிறார். கடுதாசி ஒரு ஊராகிவிடுகிறது.

பேசும்போது மூன்று நிலையைக் குழப்ப வேண்டாம். ஒன்று, அடையாளமே இல்லாதது: 4சான் என்ற ஆங்கில அரட்டைத் தளம் மாதிரி, ஒவ்வொரு பதிவும் யாரோ. இரண்டு, நிலையான புனைபெயர்: இந்த மன்றம் மாதிரி, பேர் தெரியாது, ஆனால் பழைய பதிவெல்லாம் அந்தப் பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கும். மூன்று, ஊருக்கு மறைத்து ஒரே ஒரு இடத்துக்கு மட்டும் தெரிவது. இந்த மூன்றும் மனிதர்களை மூன்று விதமாக நடக்க வைக்கின்றன. "அனானிமஸ்" என்று ஒரே மூட்டையாகக் கட்டினால் பாதி விவாதம் வீணாகப் போகும்.

#2 ஆம்பூரான்

அண்ணா, ஆரம்பத்துலயே மறுக்கறேன். நம்ம பக்கம் ஆள் செத்தது முகமூடிக் கணக்கால இல்ல.

2018 ஏப்ரல் கடைசியில குடியாத்தம் பக்கத்துல இந்தி பேசின ஒருத்தரைப் புள்ள புடிக்கிறவன்னு சொல்லி அடிச்சே கொன்னாங்க. மே 9ஆம் தேதி போளூர் பக்கம் அத்திமூர்ல, குலதெய்வம் கோயிலுக்கு வழி கேட்டு நின்ன குடும்பம். புள்ளைங்களுக்குச் சாக்லேட் குடுத்தாங்கன்னு அறுபது தாண்டின ஒரு அம்மாவைக் கொன்னாங்க. ரெண்டுக்கும் முன்னாடி ஓடுனது வாட்ஸ்அப். வாட்ஸ்அப்ல எல்லாரும் நம்பரோட இருக்காங்க. அனுப்புனது மாமா, சித்தப்பா, கூட வேலை செய்யறவரு. எல்லாம் பேர் உள்ள ஆளுங்க.

2021ல டிஜிட்டல் வெறுப்புக்கு எதிரான மையம் ஒரு அறிக்கை விட்டது. அவங்க எடுத்துக்கிட்ட தடுப்பூசி எதிர்ப்புப் பதிவுங்கள்ல 65 சதவீதம் 12 பேர் கிட்டேர்ந்து வந்ததுன்னு கணக்கு சொன்னாங்க. கணக்குப் போட்ட விதத்தை ஃபேஸ்புக் மறுத்துச்சு, அது தனி. ஆனா அந்த 12 பேரும் சொந்தப் பேர், சொந்த முகம், சொந்தக் கடை வெச்சிருக்கறவங்க. 2023 மார்ச்ல வடமாநிலத் தொழிலாளிங்களைத் தமிழ்நாட்டுல அடிச்சுக் கொல்றாங்கன்னு பரப்புனதுலயும் பேர் போட்ட ஆளுங்க இருந்தாங்க, போலீஸ் பேர் சொல்லியே வழக்குப் போட்டுச்சு. அப்புறம் எப்படி முகமூடிதான் காரணம்னு சொல்றது?

#3 காட்பாடி_சந்திப்பு

ஆம்பூரான் சொல்வது முழுக்கச் சரி, ஆனால் அது கடையின் கதை. பட்டறை வேறு இடத்தில் இருக்கிறது.

அந்தப் புள்ளை பிடிக்கிற வீடியோவை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வருஷம் நாடு முழுக்கச் சுற்றிய ஒன்றில், பைக்கில் வரும் இருவர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போவார்கள். அது கராச்சியில் குழந்தைப் பாதுகாப்புக்காக எடுத்த விழிப்புணர்வுப் படம். அசலில் கடைசியில் குழந்தையைத் திரும்பக் கொண்டுவந்து விட்டு ஒரு அட்டையைக் காட்டுவார்கள். யாரோ அந்தக் கடைசிச் சில நொடிகளை வெட்டியிருக்கிறார்கள். அந்த "யாரோ"தான் பட்டறை. வெட்டியவருக்குப் பேர் இல்லை, கொண்டுவந்து கொடுத்தவர் மாமா. மூலம் தெரியாது, ஆனால் கொடுத்தவரை நம்புகிறோம். தெரியாத ஆள் அனுப்பியிருந்தால் பாதிப் பேர் அழித்திருப்பார்கள். மாமாவின் நம்பகத்தன்மை அந்த வெட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

பட்டறையில் பேரின்மை என்ன வேலை செய்கிறது என்பதற்கு அமெரிக்காவின் கியூ கதையைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை. அரசாங்க ரகசியம் தெரிந்தவன் என்று சொல்லிக்கொண்டு "கியூ" என்ற பேரில் யாரோ போட்ட குறிப்புகளிலிருந்து வளர்ந்த சதிக்கதை அது. 2017 அக்டோபர் 28 அன்று 4சானின் அரசியல் பலகையில் முதல் பதிவு. 4சானில் கணக்கே கிடையாது. அதன் இன்னொரு பலகையை ஆராய்ந்து 2011ல் வந்த ஒரு கட்டுரையில் 90 சதவீதத்துக்கு மேல் பதிவுகள் முழு அநாமதேயம். ஒரு இழையின் இடைநிலை ஆயுள் 3.9 நிமிடம். அதாவது எழுதியவருக்கும் பேர் இல்லை, எழுதியதற்கும் ஆயுள் இல்லை. நூறு ஊகம் போடலாம். 99 மறைந்துபோகும். கூட்டத்துக்குப் பிடித்த ஒன்றை மட்டும் யாராவது ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெளியே கொண்டுபோவார்கள். சல்லடை வைத்த பட்டறை அது. உண்மையைச் சலிக்காது, ஒட்டுகிறதைச் சலிக்கும்.

"இவர் நேற்று எழுதிய அதே ஆள்தானா?" என்று காட்ட ட்ரிப்கோடு என்ற ஏற்பாடு உண்டு. ஒரு கடவுச்சொல்லைக் கொடுத்தால் 10 எழுத்துள்ள குறி வரும். பழைய ட்ரிப்கோடு கடவுச்சொல்லின் முதல் 8 எழுத்தைத்தான் பார்க்கும். அதன் மறையாக்கமும் பழசு. சாதாரணக் கணினியிலேயே உடைக்கலாம். கியூவின் கடவுச்சொல்லும் உடைந்தது. உடைந்த பிறகு யார் வேண்டுமானாலும் கியூ. அதற்குப் பதிலாக வருவது "பாதுகாப்பான" ட்ரிப்கோடு; அதற்கு சர்வரில் இருக்கும் ரகசியமும் வேண்டும். அப்படியென்றால் சர்வரைக் கையில் வைத்திருப்பவர் நினைத்தால் அந்தக் குறியை அவரே உண்டாக்கலாம். யாரையும் நம்பாதே என்று தொடங்கிய கூட்டம், கடைசியில் ஒரு தளத்தின் நிர்வாகியை முழுசாக நம்ப வேண்டிய இடத்தில் போய் நின்றது. 2022ல் கியூவின் எழுத்து நடையைக் கணினியால் ஆராய்ந்த இரண்டு குழுக்கள் தனித்தனியாக, இதில் இரண்டு பேர் கை இருக்கிறது என்றே சொன்னார்கள்.

#4 திருவலம்_பாலம்

உளவியல் பக்கம் ஒன்றைத் திருத்த வேண்டும். "முகம் மறைந்தால் மிருகம் வெளியே வரும்" என்று எல்லோரும் சொல்கிறார்கள். 2004ல் உளவியலாளர் ஜான் சூலர் சொன்ன தடையவிழ்ப்பு, அதாவது இணையத்தில் கூச்சமும் கட்டுப்பாடும் கழன்றுபோவது, அதற்குப் பக்கம்தான். ஆனால் கூட்டம் சேர்வதற்கு அது போதாது. திட்டுபவனுக்கெல்லாம் கூட்டம் சேர்ந்துவிடுவதில்லை.

1990களிலிருந்து சமூக அடையாளத்தை ஆராய்ந்தவர்கள் காட்டியது வேறு. பேரும் முகமும் மறையும்போது மனிதன் அடையாளமில்லாமல் போவதில்லை. தனி அடையாளம் மங்கி, குழு அடையாளம் பளிச்சென்று தெரியும். எதிரில் இருப்பவர் வாணியம்பாடியா வாலாஜாவா, ஆணா பெண்ணா, படித்தவரா என்று எதுவும் தெரியாதபோது மிச்சம் ஒன்றுதான்: "இவர் நம்மாள்". வேறுபாடு கண்ணில் படாததால் ஒற்றுமை உண்மையைவிடப் பெரிதாகத் தெரிகிறது. பேரின்மை குழுவைக் கலைக்காது, இறுக்கும்.

அடுத்தது ஆவியாதல், அதாவது சந்தேகப்படுகிறவர்கள் மெல்லக் கழன்றுபோவது. ஒரு குழுவில் ஏழு பேர் என்று வையுங்கள். நம்பிக்கையின் அளவு பத்துக்கு 3, 4, 5, 6, 7, 8, 9. சராசரி 6. சந்தேகப்பட்ட முதல் இரண்டு பேரும் "நீ யாரோட ஆளு?" என்ற கேள்விக்குப் பயந்து வெளியேறுகிறார்கள். மிச்சம் ஐந்து பேரின் கூட்டுத்தொகை 35, சராசரி 7. யாரும் மனசை மாற்றிக்கொள்ளவில்லை, ஆனால் குழு தீவிரமாகிவிட்டது. பேரோடு இருக்கும் ஊர்க் குழுவில் வெளியேறுவது சிரமம். நாளைக்கு ரேஷன் கடையில் பார்க்க வேண்டும். பேரில்லாத இடத்தில் சத்தமில்லாமல் போய்விடலாம். போனதுகூடத் தெரியாது. மிதமானவர்களைத்தான் அது முதலில் இழக்கிறது.

ஒன்றுக்கொன்று முரணான கதைகள் ஒரே இடத்தில் குடியிருப்பதும் இதனால்தான். 2012ல் வந்த ஒரு ஆய்வில், இளவரசி டயானா செத்ததுபோல் நடித்தார் என்று நம்பியவர்களே அவரைக் கொன்றுவிட்டார்கள் என்றும் கூடுதலாக நம்பினார்கள். ஒரு ஆசிரியர் பேர் போட்டு இரண்டையும் எழுதினால் அடுத்த நிமிடம் கேள்வி வரும். ஆசிரியரே இல்லாத கூட்டுக்கதையில் யாரைக் கேட்பது?

#5 குடியாத்தம்_கைலி

ஒரு சந்தேகம். சில சேனல்ல சொல்றது அப்படியே நடக்குதே? நான் நம்பறேன்னு இல்ல, குழுவுல கேக்கறவங்களுக்குப் பதில் சொல்ல முடியல. "மூணு தடவை சொன்னாரு, மூணும் பலிச்சுது"ங்கறாங்க.

#6 காட்பாடி_சந்திப்பு

தம்பி, இதைக் கணக்குப் போட்டே காட்டலாம்.

ஒருவர் எட்டு சேனல் திறக்கிறார். பேர், முகம் எதுவும் இல்லை. நடக்கும் அல்லது நடக்காது என்று மூன்று விஷயங்களைச் சொல்ல வேண்டும். மூன்றுக்கும் சேர்த்து 2×2×2 = 8 வகையான விடைகள்தான் உண்டு. ஒரு சேனலுக்கு ஒரு வகை. மூன்றும் முடிந்ததும் ஏதாவது ஒரு சேனலில் மூன்றும் சரியாக இருந்தே தீரும். மற்ற ஏழையும் அழித்துவிடுகிறார். செலவு பூஜ்யம். சொந்தப் பேரில் இதைச் செய்ய முடியாது, தப்பான ஏழும் அவர் பேரிலேயே நிற்கும். பங்குச்சந்தை ஆலோசனை என்று கடிதம் போட்டு ஏமாற்றிய பழைய வித்தைதான், அன்றைக்குத் தபால் செலவாவது இருந்தது.

இரண்டாவது வழி ஒரே சேனலில் நிறையச் சொல்லித் தப்பானதை மட்டும் அழிப்பது. டெலிகிராம் சேனலில் நிர்வாகி அழித்தால் "செய்தி நீக்கப்பட்டது" என்ற குறிப்பு வராது, சுவடில்லாமல் போகும். ஆனால் ஒரு ஓட்டை இருக்கிறது. பொதுச் சேனலில் ஒவ்வொரு பதிவுக்கும் வரிசை எண் உண்டு. பதிவின் இணைப்பைப் பிரதி எடுத்தால் கடைசியில் அந்த எண் வரும். அழித்த எண் மறுபடி வராது. கடைசிப் பதிவின் எண் 900, கண்ணுக்குத் தெரிகிற பதிவு 340 என்றால் 560 எண்ணுக்குக் கணக்குக் கேட்கலாம்.

தவறு நடக்கும் இடம்: பத்துப் படத்தை ஒரே ஆல்பமாகப் போட்டால் பத்து எண் போகும், திரையில் ஒன்றாகத் தெரியும். சேனல் பேரை மாற்றியது, படத்தை மாற்றியது போன்ற அறிவிப்புகளும் எண் எடுத்துக்கொள்ளும். அதனால் கண்ணால் எண்ணாமல், டெஸ்க்டாப் செயலியில் "சாட் ஹிஸ்டரி எக்ஸ்போர்ட்" கொடுத்து ஜேசான் (JSON) கோப்பாக எடுங்கள். அதில் ஆல்பத்துப் படங்கள் தனித்தனி எண்ணோடு வரும், அறிவிப்புகளும் வரும். அதற்குப் பிறகும் விடுபடுகிற எண்கள்தான் அழித்தவை. தேர்தல், தீர்ப்பு, புயல் மாதிரி நாட்களை ஒட்டி இடைவெளி கொத்தாக வந்தால் விஷயம் புரிந்துவிடும்.

#7 சத்துவாச்சாரி_செவிலி

சுகாதாரத் துறைப் பக்கம் வந்து பார்த்தால், முகமூடி மட்டும் பேசிப் பயனில்லை. கதை ஒட்டுவதற்கு ஒரு பசை வேண்டும், அந்தப் பசையைப் பெரும்பாலும் நாம்தான் கொடுக்கிறோம்.

ரேஷன் அரிசியில் பிளாஸ்டிக் என்று ஒரு புரளி வந்துகொண்டே இருக்கிறது. அதில் பார்ப்பவர் கண்ணுக்கு ஒரு உண்மை இருக்கிறது: செறிவூட்டிய அரிசி. அரிசி மாவோடு இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 கலந்து இயந்திரத்தில் அரிசி வடிவத்தில் பிழிந்த மணிகளை 100 கிலோ அரிசிக்கு 1 கிலோ என்று கலந்து வந்தார்கள். அந்த மணி நிறத்தில் கொஞ்சம் வேறு, களையும்போது சிலது மிதக்கும். சமைக்கிறவர் அதைப் பார்க்கிறார். மூட்டையில் ஒரு முத்திரை இருக்கும், ஆனால் ஒரு கிலோ, ரெண்டு கிலோ என்று பையில் வாங்குகிறவர் மூட்டையைப் பார்ப்பதே இல்லை. விளக்கம் வராத இடத்தில் பேரில்லாத ஒருவர் விளக்கம் கொடுத்துவிடுகிறார்.

"சோதனை" வீடியோவில் அரிசியை எரித்துக் காட்டுவார்கள். எந்த அரிசியும் எரியும், மாவுச்சத்துதானே. சோற்றை உருட்டி எறிந்தால் துள்ளும். குழைந்த சோறு எதுவும் துள்ளும். இந்தச் சோதனைகளின் குறை, ஒப்பிட இன்னொரு அரிசி இல்லாதது. பக்கத்திலேயே வீட்டுப் பொன்னி அரிசியை வைத்து அதையும் எரிக்கச் சொல்லுங்கள். வாதம் அங்கேயே முடியும். அந்த மணிகளைப் பொறுக்கி எறிவதுதான் உண்மையான இழப்பு, இரத்தசோகைக்காகச் சேர்த்ததே அது.

2017 பிப்ரவரியில் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி முகாம். 9 மாதம் முதல் 15 வயது வரை. வாட்ஸ்அப்பில் பயம் கிளம்பி, பெற்றோர் தயங்கி, தமிழ்நாட்டில் முகாம் நாட்களை நீட்டிக்க வேண்டி வந்தது. அப்போது பரவிய குரல் பதிவுகள் மாதிரியானவற்றில் ஒரு ஒழுங்கு உண்டு, கவனியுங்கள்: பேசுபவர் தன் பேரைச் சொல்ல மாட்டார், பதவியைச் சொல்லுவார். "ஒரு பெரிய டாக்டர் பேசறேன்." பேர் சொன்னால் பதிவு எண்ணைத் தேடிவிடலாம். பதவியைத் தேட முடியாது. பேரின்மை என்றால் அடையாளமே இல்லாதது என்று நினைக்காதீர்கள். சரிபார்க்க முடியாத அடையாளம் இன்னும் மோசம்.

#8 கோட்டை_அகழி

அக்கா சொன்ன பசைக்கு நம் ஊர்க் கோட்டையே சாட்சி.

1806, வேலூர்க் கோட்டைச் சிப்பாய் எழுச்சி. சிப்பாய்களுக்குப் புதுத் தலைப்பாகை, அதில் தோல் பட்டை. நெற்றிக்குறி கூடாது, தாடி மழிக்க வேண்டும் என்று உத்தரவு. இதெல்லாம் கிழக்கிந்தியக் கும்பினியார் எழுத்தில் போட்ட உண்மை. அதன்மேல் ஏறியது வதந்தி: அந்தத் தோல் பசு, பன்றித் தோல்; எல்லோரையும் மதம் மாற்றப் போகிறார்கள். அந்த நாளில் தெற்கே சுற்றிய இன்னொன்று, புதிதாக விளைந்த உப்பை இரண்டு குவியலாகப் பிரித்து ஒன்றில் பன்றி ரத்தமும் ஒன்றில் பசு ரத்தமும் தெளித்துச் சந்தைக்கு அனுப்புகிறார்கள் என்பது. பக்கிரிகள் கடைத்தெருவில் பாடிப் பரப்பினார்கள். இன்றைக்கு இங்கே, நாளைக்கு வாலாஜாபாத்தில். யார் முதலில் சொன்னது என்று யாராலும் பிடிக்க முடியவில்லை.

ஆனால் ஜூன் மாதமே ஒரு சிப்பாய், முஸ்தபா பெக், தன் பேரைச் சொல்லி, தளபதியிடம் நேரில் போய், எழுச்சி வரப்போகிறது என்று சொன்னான். இந்திய அதிகாரிகளை வைத்து விசாரித்து, அவனுக்குப் பைத்தியம் என்று முடித்தார்கள். ஜூலை 10 விடியலுக்கு முன் கோட்டைக்குள் சுடத் தொடங்கினார்கள். பேரில்லாத வதந்தியில் பாதி, உண்மையான மனக்குறை. பேரோடு வந்த எச்சரிக்கை முழு உண்மை, அதை யாரும் கேட்கவில்லை. பேர் போட்டுப் பேசுபவனை ஒரு நிர்வாகம் இப்படி நடத்தினால், அடுத்தவன் பேர் போடாமல்தான் பேசுவான்.

#9 ஆம்பூரான்

பட்டறை, கடைன்னு காட்பாடி பிரிச்சது சரிதான், ஒத்துக்கறேன். ஆனா ஒரு பயம். "சதிக்கதை"ங்கற பட்டத்தைக் குடுத்து உண்மையான சதியையும் மூடிடுவாங்க. எங்க ஊருக்குத் தெரியும்.

தோல் ஷாப்புத் தண்ணி பாலாத்தைக் கெடுக்குதுன்னு சொன்னப்ப அதுவும் கெளப்பி விட்ட கதைன்னுதான் பேசுனாங்க. வேலூர் குடிமக்கள் நல மன்றம் பேர் போட்டு உச்ச நீதிமன்றம் போச்சு. 1996 ஆகஸ்ட் 28 தீர்ப்புல, வேளாண் பல்கலைக்கழகத்தோட வேலூர் ஆராய்ச்சி மையம் எடுத்த கணக்கையே சொல்றாங்க: தோல் பதனிடற பகுதியில கிட்டத்தட்ட 35,000 ஹெக்டேர் நிலம் பாதியாவோ முழுசாவோ சாகுபடிக்கு ஆகாம போச்சு.

இதுக்கும் அதுக்கும் வித்தியாசம் எங்கன்னு பாருங்க. கெணத்துத் தண்ணியை எடுத்து அளக்கலாம். அளந்து பாத்து உப்பு இல்லன்னா குற்றச்சாட்டு விழுந்துடும், அந்த ஆபத்தை ஏத்துக்கிட்டுத்தான் மனு போட்டாங்க. உலகத்தையே ஒரு ரகசியக் கூட்டம் ஆட்டுதுங்கற இலுமினாட்டிக் கதையில எந்த அளவு வந்தாலும் கதை விழாது. ஆதாரம் இருந்தா ஆதாரம், இல்லன்னா "மறைச்சுட்டாங்க". எது வந்தா நீ ஒத்துக்குவன்னு ஒரு கேள்வி கேட்டா போதும். பதிலே வராது.

அரசாங்கமும் அவசரப்படக் கூடாது. 2016 பிப்ரவரி 6, நாட்றம்பள்ளி பக்கம் ஒரு காலேஜ் வளாகத்துல வெடிச்சு ஒருத்தர் செத்துட்டாரு. விண்கல்லுன்னு மாநில அரசு அறிவிச்சுது. படத்தைப் பாத்த நாசா விஞ்ஞானிங்க, தரையில நடந்த வெடிப்பு மாதிரி இருக்குன்னாங்க. சோதனை முடியறதுக்கு முன்னாடி அறிவிச்சா, அப்புறம் வர்ற பேரில்லாத கதைக்கெல்லாம் நாமளே பாதை போட்டுக் குடுக்கறோம்.

#10 எழுத்துக்கூட்டி

"நூறு பேர் சொல்றாங்க" என்பதில் எத்தனை பேர் உண்மையில் தனித்தனி ஆட்கள்? ஒரே ஆள் பத்துக் கணக்கு வைத்திருந்தால் தமிழில் பிடிப்பதற்கு ஆங்கிலத்தில் இல்லாத சில தடயங்கள் உண்டு. இதைப் பற்றி யாரும் விரிவாக எழுதுவதில்லை, அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

"ஸ்ரீ" என்ற எழுத்தை யூனிகோடில் (கணினியில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு எண் கொடுக்கும் முறை) இரண்டு விதமாகத் தட்டலாம். ஒன்று ஸ-வில் தொடங்கும் (0BB8), மற்றது ஶ-வில் தொடங்கும் (0BB6). பல எழுத்துருக்களில் திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், உள்ளே வேறு. எந்த விசைப்பலகை எதைத் தருகிறது என்பது மாறும். அதேபோல "கொ"-வில் வரும் ஒகரக்குறி ஒரே குறியீடாக இருக்கலாம், எகரக்குறியும் துணைக்காலுமாக இரண்டாகவும் இருக்கலாம். "கௌ"-வுக்குப் பதில் எகரத்தோடு ள சேர்த்து "கெள" என்று அடிப்பவர்கள் உண்டு. ஆய்த எழுத்தைத் தனியாக இடைவெளி விட்டுப் போடுவது, முற்றுப்புள்ளிக்கு முன்னால் ஒரு இடைவெளி விடுவது, ந-ன, ர-ற, ல-ள எங்கே சறுக்குகிறது என்பது: எல்லாம் கைரேகை மாதிரி.

செய்முறை: சந்தேகப்படும் கணக்கு ஒவ்வொன்றிலிருந்தும் அவர்களே தட்டிய பதிவுகளை மட்டும் எடுங்கள். ஃபார்வர்டு ஆனதைத் தூக்கிவிடுங்கள், அது வேறொருவர் கைரேகை. ஒரு கணக்குக்குச் சில ஆயிரம் வார்த்தைகளாவது இல்லாவிட்டால் தீர்ப்புச் சொல்லாதீர்கள். "உண்மை", "பகிருங்கள்" என்ற ரெண்டு வார்த்தைப் பதிவில் எதுவும் கிடைக்காது. பிறகு சேர்ந்த தேதியும் பதிவிட்ட நேரமும். ஏழு கணக்கும் ஒரே வாரத்தில் சேர்ந்து, ஒன்று பேசும்போது மற்றது பேசாமல் மாறி மாறி வந்தால் கவனிக்கலாம்.

எங்கே தப்பாகும்: சில செயலிகள் குறியீட்டை ஒரே வடிவத்துக்கு மாற்றிவிடும், ஒகரத் தடயம் அழிந்துபோகும். ஒரே வகை போனில் ஒரே விசைப்பலகை வைத்திருக்கும் ஆயிரம் பேருக்கும் அதே "ஸ்ரீ"தான் வரும். தானாகத் திருத்தும் வசதி பிழைகளை மாற்றிவிடும். குரலில் சொல்லித் தட்டச்சு செய்தால் எல்லோரும் ஒரே மாதிரி எழுதுவார்கள். ஒரு தடயத்தை வைத்துக்கொண்டு "நீதான் அவன்" என்று பொதுவில் பேர் சொல்வது பெரிய பாவம். தப்பான ஆளின் பேர் வெளியே போனால் அத்திமூர் மாதிரிதான் முடியும். நிர்வாகிகளுக்குள் வைத்துக்கொண்டு, கணக்குகளின் பேச்சை மட்டும் கட்டுப்படுத்துங்கள்.

#11 திருவலம்_பாலம்

கேள்வி நேராக: அப்படியானால் எல்லோரும் ஆதாரோடு வந்தால் தீர்ந்துவிடுமா?

#12 கோட்டை_அகழி

தென்கொரியா செய்து பார்த்தது. 2007லிருந்து பெரிய தளங்களில் உண்மைப் பேரைச் சரிபார்த்த பிறகுதான் கருத்திட முடியும். கெட்ட கருத்துகள் 13.9 சதவீதத்திலிருந்து 13.0 ஆனது, அவ்வளவுதான். சேர்த்துவைத்த அடையாள விவரம் திருடர்களுக்குப் பெட்டகமாகியது. 2011 ஜூலையில் ஒரே நிறுவனத்திலிருந்து சுமார் மூன்றரைக் கோடிப் பயனர் விவரம் களவு போனது. 2012 ஆகஸ்டில் அந்த நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் சட்டத்தை ரத்து செய்தது.

நம் பக்கமும் இதே கோரிக்கை சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்து, பிறகு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. அப்போது 2019ல் சென்னை ஐஐடி பேராசிரியர் காமகோடி, செய்தியோடு முதலில் அனுப்பியவரின் அடையாளத்தையும் சேர்த்து அனுப்பலாம் என்று யோசனை சொன்னார். 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளிலும் 50 லட்சத்துக்கு மேல் பயனர் உள்ள செய்திப் பரிமாற்றத் தளங்கள், நீதிமன்றமோ அரசோ உத்தரவு போட்டால் முதலில் அனுப்பியவரைக் காட்ட வேண்டும் என்று வந்தது, வாட்ஸ்அப் தில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. சட்டச் சண்டை ஒருபுறம் இருக்கட்டும், நடைமுறைச் சிக்கலைப் பாருங்கள். ஃபார்வர்டு பொத்தானை அழுத்தாமல் எழுத்தைப் பிரதி எடுத்து ஒட்டினால் ஒட்டியவர்தான் "முதல் ஆள்". ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் அவர்தான் முதல் ஆள். ஒரு மாமா மாட்டுவார், பட்டறைக்காரர் மாட்ட மாட்டார்.

நான் முதல் பதிவில் சொன்ன மூன்றாவது நிலைக்கு நம்மிடமே மாதிரி இருக்கிறது. மொட்டைக் கடுதாசியைத் தள்ளச் சொன்ன அதே ஆணையத்துக்கு 2004ல் இன்னொரு பொறுப்பு வந்தது: ஊழலை வெளிப்படுத்துகிறவர் தன் பேரை ஆணையத்துக்கு மட்டும் எழுத வேண்டும், ஆணையம் அதை மறைத்து வைத்து விசாரிக்கும். பேர் ஒரு இடத்தில் இருக்கிறது, அதனால் பொய்க்கு விலை உண்டு. ஊருக்குத் தெரியாது, அதனால் உண்மை சொன்னவனை அடிக்க முடியாது.

#13 குடியாத்தம்_கைலி

எங்க வார்டுக் குழுவுல 600 பேர். பாலாத்துல ராத்திரி மணல் லாரி போறதைச் சொல்றவங்களும் அதே குழுவுலதான் இருக்காங்க, அவங்க பேர் வெளிய வந்தா ஆபத்து. புரளியும் அங்கதான் வருது. என்ன செய்யலாம், சட்டுனு சொல்லுங்க.

#14 சத்துவாச்சாரி_செவிலி

இரண்டையும் ஒரே வாசலில் விடாதீர்கள் தம்பி.

குழுவை "நிர்வாகிகள் மட்டும் அனுப்பலாம்" என்று மாற்றுங்கள். மணல் லாரி மாதிரித் தகவல் ஒரு நிர்வாகியின் தனி எண்ணுக்கு வரட்டும். அவருக்குப் பேர் தெரியும், குழுவுக்குத் தெரியாது. போடும்போது அவர் தன் பேரில் போடுவார்: இடம், நேரம், எந்தப் பக்கம் போனது, பார்த்தவர் நேரில் பார்த்தாரா கேள்விப்பட்டாரா. நேரில் பார்க்காததைப் போட வேண்டாம். வண்டி எண் தெரிந்தாலும் குழுவில் போடாமல் நேராகப் புகாரில் எழுதுங்கள்.

இரட்டை அம்புக் குறியோடு "பலமுறை ஃபார்வர்டு செய்யப்பட்டது" என்று வந்தால், அது குறைந்தது ஐந்து கை மாறி வந்தது. அதைக் கொண்டுவந்தவரிடம் "இது பொய்" என்று சொல்லாதீர்கள், சண்டையாகும். "யார் முதலில் சொன்னது, எந்தத் தேதி, எந்த ஊர்?" என்று மூன்று மட்டும் கேளுங்கள். பதில் வரும்வரை போடுவதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அவசரம் என்று கத்தும் செய்திக்குத்தான் இந்தக் காத்திருப்பு அதிகம் தேவை.

ஃபேஸ்புக் பக்கம் என்றால் "பேஜ் டிரான்ஸ்பரன்சி" பகுதியில் தொடங்கிய தேதி, பழைய பேர்கள், நிர்வாகிகள் எந்த நாடு என்று இருக்கும். மூன்று வருஷம் சமையல் பக்கமாக இருந்து போன மாதம் "உண்மை முழக்கம்" என்று மாறியிருந்தால் அந்த வரலாற்றைப் படம் எடுத்துக் குழுவில் போடுங்கள், வேறு விளக்கமே வேண்டாம்.

#15 காட்பாடி_சந்திப்பு

ஒன்று சேர்க்கிறேன். தவறான செய்தி ஒன்று போய்விட்டால் அழித்துவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். அழித்தால் "மறைக்கிறார்கள்" என்று ஆகும். பழையதை மேற்கோளாக இழுத்து, அதன் அடியிலேயே "இது தவறு, இன்ன காரணம், போட்டது நான்" என்று நிர்வாகி தன் பேரில் எழுதி ஒரு வாரம் குழுவின் மேலேயே நிற்கும்படி "பின்" (pin) செய்து வைக்க வேண்டும். பட்டறையில் இதைச் செய்ய ஆளே கிடையாது. அங்கே சொன்னதைத் திரும்பப் பெற யாரும் இல்லை, அதனால் எந்தக் கதையும் சாவதில்லை.

#16 குடியாத்தம்_கைலி

அமைப்பை மாத்திட்டேன் க்கா. 600 பேருக்கு மூணு நிர்வாகி போதுமா?

#17 சத்துவாச்சாரி_செவிலி

ஐந்தாக வைத்துக்கொள்ளுங்கள், அதில் ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும். பெண்கள் தனி எண்ணுக்கு அனுப்பத் தயங்குவார்கள். ஐந்து பேரும் ஒரே தெருவாக இருக்க வேண்டாம். ஒரு தகவலை இரண்டு நிர்வாகிகள் பார்த்த பிறகுதான் போட வேண்டும், அவர்களில் ஒருவர் அந்தத் தெருக்காரராக இருந்தால் நல்லது.